நடை வேகத்தில் ஒரு கப்பல் கார்

கப்பல் கார் வாங்குகிறவர்கள் முதலில் அதன்மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எங்கள் செங்கொடி வாங்கிய அன்றைக்கு அதன் அடியில் போய்ப் படுத்தாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பிளாக்கிலிருந்து இறங்கி வேடிக்கை பார்க்க வந்த ஜனத்துக்குத் தெரிந்ததெல்லாம் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவளுடைய இரண்டு கால்கள்தான். "இன்னா செங்கொடி, கார வாங்கனியா, இல்ல கார் உன்ன ஏத்திடுச்சா?" என்று நான் கேட்டேன். ஒரு கை மட்டும் வெளியே வந்து டார்ச் லைட்டைக் கேட்டது.

நான் தேசப்பன். பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறவன். கல்யாண ஊர்வலங்களில் காருக்கு முன்னால் நடந்து நடந்தே செருப்புத் தேய்ந்தவன். மெட்ராசில் ஓடிய அத்தனை பெரிய கார்களையும் எனக்குத் தெரியும், ஆனால் என் முதுகுக்குத்தான் தெரியும். அவற்றின் சூடு முதுகில் அடிக்கும், நான் வாசித்துக்கொண்டே போவேன். அதனால் கார் விஷயத்தில் என் பேச்சை யாரும் மதித்ததில்லை. செங்கொடியும் மதிக்கவில்லை. மதித்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

செங்கொடி திருவொற்றியூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவள். கம்பெனி ஒரு பகுதியை மூடி, ஆட்களைக் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பியது. அவளோடு வெளியே வந்த மற்றவர்கள் கைக்கு வந்த பணத்தைப் பிள்ளைகள் பேரில் பேங்கில் போட்டார்கள், நகை வாங்கினார்கள், மாடியில் ஒரு அறை எழுப்பினார்கள். இவள் பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்டின் ஷெட்டில் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்த ஜெர்மன் டீசல் காரை வாங்கிக்கொண்டு வந்தாள். கறுப்பு நிறம். கதவைச் சாத்தினால் பூஜை அறைக் கதவு மாதிரி சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும். அவள் புருஷன் பீம்ராவ் ஹார்பரில் கப்பல் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர், நல்ல மனுஷர். அவர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. என்னிடம் வந்து, "தேசப்பா, ஆனைய வாங்கிக் கட்டிக்கீறா. தீனிக்கு எங்க போறது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஏன் வாங்கினாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். செங்கொடி கல்யாணப் பெண்ணாக வந்த நாளில், நுங்கம்பாக்கத்திலிருந்து வாடகைக்கு வந்த கார் வியாசர்பாடி ரயில் பாலத்தோடு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டு, "இதுக்கு மேல வராதும்மா, உள்ள வந்தா வண்டில கோடு போட்ருவானுங்க" என்றான். எங்கள் பௌத்தக் கல்யாண வழக்கப்படி கட்டிய வெள்ளைப் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாலத்துக்கு அடியில் தேங்கியிருந்த சாக்கடைத் தண்ணீரில் அவள் நடந்தாள். நான்தான் அன்றைக்கும் முன்னால் வாசித்துக்கொண்டு போனேன். வாசிப்பை நிறுத்தவா தொடரவா என்று தெரியாமல் போன ஊர்வலம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகும் ஆட்டோக்காரன், சாமான் வண்டிக்காரன், கார்க்காரன் எல்லோரும் வியாசர்பாடி என்றால் "வராது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏதோ நாங்கள் சாலையைக் கடித்துத் தின்கிறவர்கள் மாதிரி.

பக்கத்து வீட்டு கெங்கம்மா தன் மகள் எழில்மொழி கல்யாணத்துக்கு இரண்டாயிரத்து இரண்டு மே மாதத்தில் நாள் குறித்தாள். ஊர்வலத்துக்கு நல்ல கார் வேண்டும் என்று நாலு இடத்தில் கேட்டாள். நாலு இடத்திலும் "பாலம் வரைக்கும் வரும்" என்றே சொன்னார்கள். செங்கொடி காதில் அது விழுந்தது. நேராகக் கெங்கம்மா வீட்டுக்குப் போய் நடு வாசலில் நின்றாள்.

"எழிலு நடந்து வர மாட்டா. கால் கீழ படாம மாப்ள வூட்டு வாசல்ல எறங்குவா. நான் சொல்ட்டேன்."

சொல்லிவிட்டுத்தான் காரையே தேடிப் போனாள். அவளுடைய வழி அது. நாங்கள் முதலில் தேங்காய் வாங்கிவிட்டுப் பிறகு கோயிலுக்குக் கிளம்புவோம். அவள் முதலில் கோயில் கதவைத் தட்டிவிடுவாள்.

காரைத் தண்டையார்பேட்டையில் மெக்கானிக் ஜாபர் ஷெட்டில் விட்டாள். குடோன்களுக்கு நடுவே சின்ன ஷெட், கூரைத் தகரம் முழுக்க உப்புக் காற்று தின்ற ஓட்டை. ஜாபர் அந்தக் காலத்தில் துபாயில் பெரிய கார்களைப் பார்த்தவன். காரைச் சுற்றி வந்து, பானெட்டைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான்.

"யக்கா, ஓடற வண்டி கெட்டா நமக்குத் தெரியும். நின்ன வண்டி கெட்டா தெரியாது. பாக்க சோக்காத்தான் கீது. உள்ள ரப்பர்லாம் அப்பளம்."

ரப்பர் என்றதும் செங்கொடி நிமிர்ந்தாள். ஒவ்வொரு குழாயாக விரலால் அமுக்கிப் பார்த்தாள். அவள் இளமையெல்லாம் ரப்பரோடு போனது, அவளுக்கா தெரியாது. டயர்களில் ரோட்டைப் பிடிக்கும் பட்டன் வரி தேயவே இல்லை, புதுசு மாதிரி இருந்தன. நான்கூட, "டயரு பரவால்லயே" என்றேன். அவள் டயர் ஓரத்தை நகத்தால் வளைத்துக் காட்டினாள், சின்னச் சின்ன வெடிப்பு வாயைத் திறந்தது. என் வாய் மூடிக்கொண்டது.

அன்றைக்கு அந்த ஷெட்டில் நின்று அவள் சொன்ன வரிசையை அப்புறம் தெருவே மனப்பாடமாகச் சொல்லிக் கிண்டல் செய்தது. "மொதல்ல நிக்கணும். அப்பறம் சூடாவக் கூடாது. அப்பறம் டயரு. மத்ததுலாம் அப்பால." நிற்பது என்றால் பிரேக். மலையிலிருந்து உருள்வதற்கா என்று கேட்காதீர்கள். காருக்கு ஒரு முழம் முன்னால் பேண்டுக்காரன் நடக்கிறான், அவனுக்கு முன்னால் பசங்கள் ஆடுகிறார்கள், நடுவில் ஒரு குழந்தை ஓடும். நிற்காத வண்டி ஊர்வலத்துக்கு வரக்கூடாது. இதைக் கேட்டபோது என் முதுகு அவளுக்கு நன்றி சொன்னது.

பிரேக் குழாய்களையும் ஆயிலையும் மாற்றினாள். பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் அலைந்து வாட்டர் பம்ப் கொண்டுவந்தாள். பெல்ட்டையும் நாலு டயரையும் மாற்றினாள். ரேடியேட்டரைக் கழற்றி அலசச் சொன்னபோது ஜாபர் பக்கத்து அடிபம்ப்பில் தண்ணீர் பிடிக்கப் போனான். ஓடிப்போய் வாளியைப் பிடுங்கினாள். தண்டையார்பேட்டை அடிபம்புத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும், கடல்தான் அடியில் இருக்கிறது. மறுநாள் மெட்ரோ வாட்டர் லாரி வந்தபோது வரிசையில் ஒரு குடம் கூடுதலாக வைத்தாள். பெண்கள் சும்மா விடுவார்களா? "எங்க புள்ளைங்களுக்கே குடிக்கத் தண்ணி இல்ல, உன் காரு இன்னா மாசமா கீதா?" என்று ஒருத்தி குடத்தை உதைத்தாள். செங்கொடி சண்டை போடவில்லை. தன் வீட்டுக் குடத்தை எடுத்துக் காருக்கு ஒதுக்கிவிட்டு, அன்று பீம்ராவை ஹார்பரிலேயே குளித்துவிட்டு வரச் சொன்னாள்.

இப்படி உள்ளே ஒவ்வொன்றாகப் புதுசாகிக்கொண்டே வர, வெளியே கார் சொறி பிடித்த மாதிரியே இருந்தது. கூரையில் பெயிண்ட் தோல் உரிந்திருந்தது. ஒரு கதவில் கப்பல் ஏஜெண்டின் டிரைவர் போட்ட நீளக் கீறல். கெங்கம்மா அழாத குறையாக வந்தாள். "செங்கொடி, பொண்ணு ஏர்ற வண்டிடி. சம்மந்தி வூட்ல சிரிப்பாங்க. பெயிண்ட் மட்டுமாச்சும் அடிச்சுடு." பீம்ராவும் அதே கட்சி. தெருப் பசங்கள் பாட்டுப் பெட்டியும் பின்னால் குத்துச் சத்தம் வரும் ஸ்பீக்கரும் கேட்டார்கள். செங்கொடி எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள்.

"செவுரு கீதா பாரு மொதல்ல. அப்பறம் சித்திரம் வரை. நடு ரோட்ல நின்னுட்டா பெயிண்ட நக்கறதா?"

நானும் பெயிண்ட் கட்சிதான், ஒளிக்க ஒன்றுமில்லை. கலைஞனுக்குக் கண்ணுக்கு அழகு வேண்டும். ஆனால் அவளுடைய பிடிவாதத்துக்கு முன்னால் பேசுவது சுவரில் முட்டிக்கொள்கிற வேலை. கடைசியில் கூரை உரிந்த இடத்தை மறைக்க நீலத் துணியும் மல்லிகைச் சரமும் போதும் என்று முடிவாயிற்று.

கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளோட்டம். செங்கொடிதான் ஓட்டினாள். அந்தக் காரைத் தொட எங்கள் பக்கத்து டிரைவர்கள் பயந்தார்கள், அவளோ மின்ட் பக்கம் டிரைவிங் ஸ்கூலில் கற்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தாள். முன்னால் ஜாபர், பின்னால் நானும் பீம்ராவும். காசிமேடு தாண்டி எண்ணூர் ரோட்டில் ஏறினோம். கன்டெய்னர் லாரிகள் குறைவாக இருந்த நேரம். ஒரு பக்கம் கடல், பாறாங்கல் மேல் அலை. அவள் மிதித்தாள். அப்பா, அது கார் இல்லை, கப்பலேதான்! வயிற்றில் தண்ணீர் அசையவில்லை. பீம்ராவ் சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். எண்ணூர் வரை போய்த் திரும்பி வரும்வரை ஜாபர் ஒரே ஒரு முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், இன்ஜின் சூடு காட்டும் முள்ளை. நடுவில் நின்ற முள் நடுவிலேயே நின்றது.

"மாஷா அல்லா! யக்கா, இத ஓட்டிகினு பெங்களூரு போலாம்" என்றான் ஜாபர்.

எங்கள் எல்லோருடைய தப்பும் அந்த வாக்கியத்தில்தான் இருந்தது. கார் பெங்களூருக்குப் போகப் போவதில்லை. எருக்கஞ்சேரி ஹைரோடு கல்யாண மண்டபத்திலிருந்து சத்தியமூர்த்தி நகருக்குப் போகப் போகிறது, என் நடைக்குப் பின்னால். ஊர்வலக் காரை ஊர்வல வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கல்யாணம் காலையில் புத்தர் படத்துக்கும் பாபாசாகேப் படத்துக்கும் முன்னால் உறுதிமொழி சொல்லி நல்லபடியாக முடிந்தது. மாலையில் ஊர்வலம் கிளம்பியது. நீல ரிப்பனும் மல்லிகையும் கட்டிய கார் நிஜமாகவே கப்பல் மாதிரிதான் நின்றது, உரிந்த பெயிண்டை யாரும் பார்க்கவில்லை. பின் சீட்டில் எழில்மொழி, பக்கத்தில் மாப்பிள்ளை அறிவு. செங்கொடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கில். பக்கத்தில் ஜாபர். மே மாத அனல், வெயில் இறங்கியும் தார் ரோடு கொதித்தது. நான் டிரம்பெட்டை எடுத்தேன்.

ஊர்வலம் என்றால் நடப்பது குறைவு, நிற்பது அதிகம். ஒவ்வொரு முனையிலும் பசங்கள் ஆடுவார்கள், நாங்கள் வாசிப்போம், கார் உறுமிக்கொண்டு நிற்கும். மூன்றாவது முனையில் என் முதுகில் அடிக்கும் சூடு வழக்கமான சூடாக இல்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் பீம்ராவ் என் தோளைத் தட்டினார். முகம் வெளிறியிருந்தது.

கார் ஜன்னலுக்குப் போனேன். முள் சிவப்புக் கோட்டுக்குக் கிட்டே ஏறியிருந்தது. ஜாபர் தலையில் அடித்துக்கொண்டான். "ஃபேனுக்கா! ஃபேன் புடிக்கல!" வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நின்று ஊர்கிற வண்டிக்கு இன்ஜின் முன்னால் இருக்கும் ஃபேன்தான் காற்று வீச வேண்டும். சூடு ஏறினால் அந்த ஃபேனை இறுகப் பிடித்துச் சுற்ற வைக்கும் ஒரு பிடிமானம் உண்டு, அது ஷெட்டில் நின்றே செத்துப்போயிருந்தது. கையால் சுற்றிப் பார்த்தபோது சுற்றியது, அதோடு எல்லோரும் திருப்தியாகி விட்டிருந்தோம்.

"ஆஃப் பண்ணிட்டா?" என்றேன்.

"பண்ணா ஆற நேரமாவும். அதுவரைக்கும் நடு ரோட்லதான்."

பீம்ராவ் மெதுவாகச் சொன்னார். "செங்கொடி, கொஞ்ச தூரந்தான் கீது. பொண்ணு மாப்ளய எறக்கி நடத்திக் கூட்டிகினு போயிடலாம். இன்ஜின் வெந்துட்டா எல்லாம் போச்சு." கெங்கம்மாவும் வந்துவிட்டாள். "ஆமாண்டி, நடந்தா இன்னா, நம்ம ஏரியாதானே" என்றாள். அவள் அதை நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கோ ரயில் பாலத்தடிச் சாக்கடைத் தண்ணீர்தான் கண்ணில் வந்தது. செங்கொடி யாரையும் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி ஏசியை அணைத்து, பக்கத்தில் இருந்த ஒரு லீவரைச் சிவப்புப் பக்கம் கடைசி வரை தள்ளினாள்.

அது ஹீட்டர். ஜெர்மனிக் குளிருக்காக வைத்தது. இன்ஜினில் கொதிக்கிற தண்ணீரை உள்ளே இழுத்து, அதன் சூட்டை ஆட்கள் மேல் ஊதும். மெட்ராசில் எந்த மெக்கானிக்கும் முதல் வேலையாக அதன் குழாயை அடைத்துவிடுவான். ஜாபரும் அடைக்கப் பார்த்தான், "மெட்ராஸ்ல எவனுக்குக்கா ஹீட்டரு" என்று. அன்றைக்கு அவள்தான் விடவில்லை. அந்தக் குழாய்களையும் சேர்த்து மாற்றச் சொல்லியிருந்தாள். கேட்டால், "கீறத எதுக்கு அடைக்கணும்?" என்றாளாம். வேறு பெரிய காரணமெல்லாம் கிடையாது.

"இன்ஜின் சூடு உள்ள வந்துடும். இன்ஜின் தப்பிக்கும்" என்று ஜாபரிடம் சொன்னாள். அவன் வாயைப் பிளந்தான்.

நாலு துவாரத்திலிருந்தும் அடுப்பு வாய் காற்று குப்பென்று வந்தது. பின்னாலிருந்து மாப்பிள்ளை அலறினான். "அக்கா, ஏசி தலைகீழா வேல செய்துக்கா!"

செங்கொடி திரும்பினாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன், கெஞ்சல் இருந்தது. அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "எழிலு, கண்ணு, வேற வழி இல்லம்மா. உனுக்கு முடியலனா சொல்லு, எறக்கி வுட்டுடறேன்."

எழில்மொழி நெற்றியில் வேர்வை அதற்குள் முத்து கட்டியிருந்தது. காலையிலிருந்து மூன்று பேர் சேர்ந்து போட்ட மேக்கப். அவள் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். மாப்பிள்ளை கைக்குட்டையைப் பிடுங்கிக் கழுத்தைத் துடைத்தாள்.

"வேர்த்தா வேர்த்துட்டுப் போவுது. நான் எறங்க மாட்டேன். நீ ஓட்டுக்கா."

பிறகு செங்கொடி என்னைப் பார்த்தாள். "தேசப்பண்ணா, நிக்காதீங்க. வேகமா நடங்க. வண்டிக்குக் காத்து வோணும்."

என் வாழ்நாளில் ஊர்வலத்தை ஓட்டமாக நடத்தியவனில்லை நான். ஊர்வலத்துக்கு ஒரு மரியாதை உண்டு, அசைந்து அசைந்துதான் போகும். ஆனால் அந்தப் பெண் உள்ளே வெந்துகொண்டிருக்கிறாள். செட்டைப் பார்த்துக் கத்தினேன், இருக்கிறதிலேயே வேகமான பாட்டை எடுக்கச் சொன்னேன். டிரம்ஸ்காரன் முறைத்தான், ஆனாலும் அடித்தான். நாங்கள் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினோம். ஆட நின்ற பசங்கள் எங்களோடு ஓடிக்கொண்டே ஆடினார்கள். பீம்ராவ் முன்னால் போய், "ஒத்து! ஒத்து நைனா!" என்று சைக்கிளையும் தள்ளுவண்டியையும் ஒதுக்கினார். ஹார்பரில் கப்பலுக்குக் கத்திய தொண்டை, சும்மாவா? கெங்கம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசைத் தட்டோடு ஓடிவந்தாள். பிளாக் பால்கனியில் நின்றவர்கள் என்ன அவசரம், யாருக்கு என்ன ஆச்சு என்று கத்தினார்கள். பதில் சொல்ல யாருக்கும் மூச்சில்லை. எனக்கு மார்பு வெடித்துவிடும் போலிருந்தது. ஒரு சுரம் சரியாக வரவில்லை. வெட்கமாக இல்லை, சத்தம்தான் முக்கியம்.

ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஜாபர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கட்டை விரலைக் கொஞ்சம் கீழே காட்டினான். முள் இறங்குகிறது என்று அர்த்தம். கொஞ்சம்தான் இறங்கியது, ஆனால் இறங்கியது.

சத்தியமூர்த்தி நகரில் மாப்பிள்ளை வீட்டு வாசல் குறுகல். கார் அங்கே வரை வரும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை, வாசலில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். நாற்காலிகளை அள்ளித் தூக்கினோம். செங்கொடி அந்தக் கப்பலை அங்குலம் அங்குலமாக உள்ளே நுழைத்துக் கோலத்தின் மேலேயே நிறுத்தினாள். கதவு திறந்தது. எழில்மொழி இறங்கினாள். மை வழிந்து, பூ வாடி, வெள்ளைப் பட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டு, குளத்திலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி நின்றாள். ஆலம் தட்டோடு நின்ற மாமியார் பதறிப்போனாள்.

"இன்னாம்மா இது, இப்டி நனஞ்சிகினு வந்துகீற? நடந்தா வந்த?"

"இல்ல அத்த" என்றாள் எழில்மொழி. மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. "கார்ல வந்தேன். வூட்டு வாசல் வரைக்கும் கார்ல வந்தேன்."

மாமியார் தட்டைப் பக்கத்தில் கொடுத்துவிட்டுத் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். நான் டிரம்பெட்டை இறக்கிவிட்டேன், வாசலில் வாசிக்க வேண்டிய பாட்டை வாசிக்கவில்லை. செட்டும் நின்றுவிட்டது. அந்த அமைதியில் செங்கொடி ஸ்டியரிங் மேல் அப்படியே தலையைக் கவிழ்த்தாள். ஹாரன் அடித்தது. கூட்டம் துள்ளித் திரும்பியது. அவள் தலையை எடுக்கவில்லை, முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஹாரன் தெரு முழுக்கக் கேட்க அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.